மிதி மெஷினில் அடியில் நூல் சுருளுது

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): மில் லீவு நாளில் பாப்ளின் பாவாடை தைக்கிறோம். மேலே தையல் சுத்தமா இருக்கு. துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தா சுருளுது. அடிநூல் உருளை வைக்கிற பாபின் கேஸ் போச்சா?

பதில்: இல்லைக்கா, கோளாறு மேல்நூலில்தான். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ளே நூல் உட்காரலை. துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கிட்டு நூலைக் கோத்துக்கோங்க. அது இறங்கியிருந்தா தட்டு இறுக்கமா மூடிக்கும், நூல் உள்ளே போகாது. பாப்ளினுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, மெல்லிய ரூபியா துணிக்கு 11.

இன்னொருவர்: துணியை நகர்த்துற பல்லுக்கு அடியில் பஞ்சுத்தூசி அடைச்சிருக்கும், பிரஷால் எடுங்க. எண்ணெய் விடுறதா இருந்தா தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகி இறுகிடும். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கேட்டவர்: சக்கரத்தைச் சுத்துற தோல் பெல்ட்டும் வழுக்குதே?

பதில்: நாளாக நாளாக நீளும். அரை அங்குலம் வெட்டிட்டு ரெண்டு முனையையும் இணைக்கிற கம்பிக் கொக்கியைத் திரும்ப மாட்டுங்க. ரொம்ப இறுக்கினா மிதி கனக்கும்.