அப்பாரு வீட்டுக் குழு: ஆடி அமாவாசைக்கு வர்க்கலா

காங்கயம் அத்தை: ஐயனுக்கு எப்பவும் பவானி கூடுதுறைல தான தர்ப்பணம் குடுப்போம். வர்க்கலான்னு யாரு முடிவு பண்ணுனது?

பெரியப்பா: கூடுதுறைல அன்னைக்கு கால் வெக்க எடமிருக்காது

காங்கயம் அத்தை: அங்க மட்டும்? மலையாளத்துல அன்னைக்குத்தான் கர்க்கிடக வாவு, அவங்க ஆடி அமாவாசை

செந்தில்: அத்தை சொல்றது சரிங்க. வர்க்கலா பாபநாசம் கடற்கரைல விடியறதுக்கு முன்னாலயே பலி, அதான் அவங்க தர்ப்பணம், ஆரம்பிச்சிரும். ஈரோட்டுல நடுராத்திரிக்கு மேல திருவனந்தபுரம் மெயில் ஏறுனா வர்க்கலா சேர முன்மத்தியானம் ஆயிரும், அதனால மொத நாளே போயிரோணும். ரூமு கடற்கரைய ஒட்டி நிக்கற குன்று ஓரத்துல வேண்டாம். அது ஒரே பாறை இல்லீங்க. மேல செம்புராங்கல்லு, நடுவுல மணற்கல்லு, அதுக்குங் கீழ களி. மழைத்தண்ணி மேல ரெண்டுலயும் எறங்கி களில தடுத்து நின்னு, பக்கவாட்டுல ஊத்தா வெளிய வரும். சனங்க பாட்டில்ல புடிக்கறது அந்தத் தண்ணிதான். அதே தண்ணி மண்ண எளக்கிரும். ஆடிக் கடலு அடிவாரத்த அரிச்சிரும். மேல இருக்கற கல்லு பிடிமானமில்லாம பாளம் பாளமா விழுகும்.

நந்தினி: ஒசரம் எவ்வளவுண்ணா

செந்தில்: 80 அடி வாக்குல. தேசிய நிலவியல் சின்னம் அது

கோபி சித்தி: என்ற முட்டிக்கு 80 அடி எறங்கறதா கண்ணு

செந்தில்: படி வடக்குக் குன்றுலதான் சித்தி. ஜனார்த்தனசாமி கோயில் பக்கத்துல இருந்து ரோடே மணல் வரைக்கும் போகுது, ஆட்டோல போயிரலாம்

பெரியப்பா: எள்ளு தர்ப்பையெல்லாம்?

நந்தினி: அங்கயே கெடைக்கும் பெரியப்பா. செறூளன்னு ஒரு பூ வெப்பாங்க, பொடி வெள்ளையா கொத்துக் கொத்தா. நாம காப்புக் கட்டற பூளைப்பூவேதான்

காங்கயம் அத்தை: தையில கூரைல சொருகறதையா!

கோபி சித்தி: தைன்னதும் ஞாபகம். பொங்கலுக்கு எடுத்துட்டுப் போன என்ற பித்தளைக் குண்டா யாருகிட்ட இருக்குது?

காங்கயம் அத்தை: அத இங்க எதுக்குக் கேக்கற

பெரியப்பா: குண்டா அப்பறம். முழுக்குப் போடலாமா செந்திலு?

செந்தில்: முட்டியளவு தண்ணிக்கு மேல வேண்டாமுங்க, ஆடில உள்ள இழுக்கும். கடலேறுற நேரத்துல மணலே மிஞ்சாது, அலைக்கும் குன்றுக்கும் நடுவுல சிக்கிக்குவோம். சுவத்துக்கு அடில நெழலுன்னு யாரும் உக்காரக் கூடாது. மக்யா நாளு கப்பில் போலாம், வடக்கால ஏழெட்டு கிலோமீட்டர். ஒருபக்கம் கடலு, ஒருபக்கம் காயலு, நடுவுல ரோடு.

நந்தினி: 👍

செந்தில்: 60 நாளைக்கு முன்னால டிக்கெட் தெறக்கும். எத்தன பேருங்க?

பெரியப்பா: ஆறு

காங்கயம் அத்தை: சின்னவன் படிச்சுட்டுப் பேசாம இருக்கறான். அவனில்லாம எப்படிக் குடுக்கறது?

சித்தப்பா: லீவு பாக்கோணும்

கோபி சித்தி: குண்டா?