விஷமா, கலியாணமா, நன்கொடையா? 'கிஃப்ட்' என்ற சொல்லோடு நம்மவர்கள் பட்ட பாடு

மியூனிக் வாசி:
ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே 'கிஃப்ட்' என்றால் விஷம். எங்கள் அலுவலகத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த குழு ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தது, பை மேல் கொட்டை எழுத்தில் 'கிஃப்ட்' என்று. பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "எறும்புக்கா, எலிக்கா?" என்றார். ஆங்கிலம் நன்றாகவே தெரிந்த மனுஷன்தான், ஆனாலும் கண் முதலில் தாய்மொழியில்தானே படிக்கிறது!

உண்மையில் இந்தச் சொல்லுக்கு முதலில் 'கொடுக்கப்பட்டது' என்றுதான் பொருள். நாம் 'டோஸ்' என்கிறோமே, அதற்கு மூலமான கிரேக்க 'டோசிஸ்' என்பதும் 'கொடுத்தல்'தான். அதைப் பார்த்து ஜெர்மன்காரர்களும் மருந்தாகக் கொடுப்பதை 'கிஃப்ட்' என்றார்கள். விஷத்தை வாய்விட்டுச் சொல்லக் கூசி, அதையும் அதே பெயரில் மறைத்துச் சொல்லப்போய், கடைசியில் நல்ல பொருள் செத்தே போய்விட்டது. 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீர். பரிசுக்கு இப்போது 'கெஷெங்க்', அது குடிக்க ஊற்றிக் கொடுப்பதிலிருந்து வந்த சொல்.

ஒஸ்லோ தமிழன்:
எங்கட பக்கம் இன்னும் மோசம் அண்ணை. நோர்வேயில் எழுத்து அதேதான், வாயில் வரும்போது 'யிஃப்ட்'. நஞ்சுக்கும் அதுதான், கலியாணம் ஆனவர் என்பதற்கும் அதுதான். மனிசி வந்த புதிதில் ஒரு படிவம் நிரப்பினா. திருமண நிலை கேட்கிற இடத்தில் 'உயிஃப்ட், யிஃப்ட், ஷில்ட்' என்று பெட்டிகள், அதாவது ஆகாதவர், ஆனவர், பிரிந்தவர். அவவின்ர அகராதியில் நஞ்சு என்ற பொருள்தான் முதலில் கிடந்தது. "நஞ்சுப் பெட்டிக்குள்ள அடையாளம் போட்டுத்தான் உங்களோட இருக்கிறன்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா. இந்தப் பகிடி இங்கே சொல்லிச் சொல்லிப் புளித்தது, நோர்வேக்காரரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

காரணம் லேசானது. கலியாணம் என்றால் பெண்ணைக் கொடுப்பது. சுவீடனில் 1734 ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருமணப் பகுதியின் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது. பெண்ணைக் கொடுக்க உரிமையுள்ள ஆளுக்கு, பெரும்பாலும் தகப்பன், 'யிஃப்டோமான்' என்று பெயர், அவர் சம்மதிக்காமல் ஒன்றும் நடவாது. நாமும் 'பெண் கொடுத்த இடம், எடுத்த இடம்' என்றுதானே பேசுகிறோம்? இப்போது அங்கே ஆணுக்கும் அதே சொல்தான், யார் யாரைக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஐந்தோவன் அக்கா:
நெதர்லாந்தில் தப்பித்தோம். விஷம் 'ஹிஃப்', நன்கொடை 'ஹிஃப்ட்', முதல் எழுத்தைத் தொண்டையைக் காறுகிற மாதிரி சொல்ல வேண்டும். எனக்கு இந்தச் சொல் அறிமுகமானதே வருமான வரிப் படிவத்தில்தான். அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புக்குக் கொடுத்ததை 'ஹிஃப்டன்' என்ற தலைப்பில் காட்டினால் வரிக்கழிவு கிடைக்கும், அதற்கு நிபந்தனைகள் வேறு உண்டு. பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்கு இந்தப் பெயர் கிடையாது, அது பிரெஞ்சிலிருந்து வந்த 'கடோ'.

அப்புறம், ஆங்கிலத்தை மட்டும் நல்ல பிள்ளை என்று நினைக்காதீர்கள். பழைய ஆங்கிலத்தில் இதே சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் விலையைக் குறித்தது, அப்போது உச்சரிப்பும் 'ய'கரத்தில்தான். இன்றைய 'க' ஒலி வைக்கிங்குகள் கொண்டுவந்த நோர்ஸ் மொழியின் கைவரிசை. 'பாய்சன்' மட்டும் என்னவாம்? லத்தீனில் வெறும் 'குடிப்பது' என்ற பொருளில் இருந்து, பிரெஞ்சு வழியாக வந்தது.

மியூனிக் வாசி:
அக்கா சொன்ன பிறகுதான் தோன்றுகிறது, நாமும் எலிமருந்து, பூச்சிமருந்து என்கிறோமே, எலிக்கு என்ன வைத்தியமா பார்க்கிறோம்?

ஒஸ்லோ தமிழன்:
ஐஸ்லாந்தில் யாரும் இருக்கிறீர்களா? அங்கே 'கிஃப்டா' என்றால் நல்வாய்ப்பு, அதிர்ஷ்டம். கலியாணம் செய்துவைப்பதற்கும் அதே சொல். நஞ்சுக்கு அவர்கள் 'எய்தூர்' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் உறவுக்காரச் சொல் ஜெர்மனில் 'ஐட்டர்', அதாவது சீழ்!