எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது கலையா, திரிபா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த துத்தநாக ஆக்சைடு படிகங்களின் படங்களுக்குக் கணினியில் வண்ணம் சேர்த்து, பெரிய அளவில் அச்சிட்டுக் காட்சிக்கு வைக்க எண்ணியிருக்கிறேன். படிகங்கள் இதழ் இதழாக விரிந்திருப்பதைப் பார்த்து வியப்பவர்கள், இந்த நிறம் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று தவறாமல் கேட்கிறார்கள்; இல்லை என்றதும் ஏமாற்றமடைகிறார்கள். சாம்பல் நிறத்திலேயே விட்டுவிடுவதுதான் நேர்மையா?

மறுமொழி 1:
வணக்கம் நண்பரே. சாம்பல் நிறமும் அங்கே இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை; அதனால் சாதாரண ஒளி நுண்ணோக்கி, சுமார் 200 நானோமீட்டருக்கும் சிறிய நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டுவதில்லை. நீங்கள் பயன்படுத்திய கருவியில் ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றை பரப்பைப் புள்ளி புள்ளியாக வருடிச் செல்கிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வெளிவரும் இரண்டாம் நிலை எலக்ட்ரான்கள் எவ்வளவு என்பதே திரையில் வெளிச்சமாகவும் இருளாகவும் பதிவாகிறது. சரிவுகளும் விளிம்புகளும் அதிக எலக்ட்ரான்களை விடுவிப்பதால் பளிச்சிடுகின்றன. நாம் அதை நிழலும் வெயிலும் விழுந்த நிலப்பரப்பாகப் பார்த்துவிடுகிறோம். மின்கடத்தாத மாதிரியாக இருந்தால், மின்னூட்டம் தேங்காதிருக்க அதன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசுவதும் உண்டு. அப்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது அந்தத் தங்கப் படலத்தைத்தான். ஆகவே வடிவம் பொருளுடையது, நிறம் உங்களுடையது. இதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் கலைஞரின் கை நிறத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1989இல் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இயற்பியலாளர் டான் ஐக்லர், ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் 35 செனான் அணுக்களை நகர்த்தி நிறுவனத்தின் பெயரை எழுதினார். 1993இல் தாமிரப் பரப்பின்மேல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக நிறுத்தியபோது, அதற்குள் அடைபட்ட எலக்ட்ரான்களின் அலை வளையங்கள் படத்தில் தெரிந்தன. அந்தக் கருவி ஒளியையே பயன்படுத்துவதில்லை. முனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து உயர வரைபடம் தருகிறது. அதற்குப் பின்னர் நிறமேற்றினார்கள் என்பதற்காக அந்த வளையங்களின் அழகைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை.

மறுமொழி 3:
இருவரும் நிறத்தைச் சற்று எளிதாக விட்டுவிட்டீர்கள் என்று கருதுகிறேன். நிறம் ஒரு செய்தியைச் சொல்லும். ஒரே பொருளாலான படிகத்தில் பாதிக்குச் சிவப்பும் பாதிக்கு நீலமும் தீட்டினால், அங்கே இரண்டு பொருள்கள் இருப்பதாகவே பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். நானோ அளவிலிருந்து மெய்யாகவே பிறக்கும் நிறங்களும் உண்டு. நீலமாக மின்னும் மார்ஃபோ பட்டாம்பூச்சியின் இறகில் நீல நிறமி கிடையாது. செதில்களின் மேலுள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதறச் செய்து அந்த நீலத்தை உண்டாக்குகின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 4ஆம் நூற்றாண்டு ரோமானியரின் லைகர்கஸ் கிண்ணம், வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி ஊடுருவினால் சிவப்பாகவும் தெரிவதற்குக் கண்ணாடியில் கலந்துள்ள வெள்ளி, தங்க நுண்துகள்களே காரணம். இத்தகைய பொருளைப் படமாக்குபவர் நிறத்தை மனம்போன போக்கில் மாற்றினால், பார்ப்பவருக்குச் சேர வேண்டிய வியப்பையே பறித்துவிடுகிறார். துத்தநாக ஆக்சைடு பொடி வெண்மையானது என்பதால் உங்களுக்கு இதில் சுதந்திரம் அதிகம். ஆனாலும் வண்ணம் தீட்டாத மூலப்படத்தைச் சிறிய அளவிலாவது அருகில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூலப்படங்களையும் வைக்கிறேன். உருப்பெருக்க எண்ணைப் படத்தின் கீழே எழுதினால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. பெரிதாக அச்சிடும்போது அந்த எண் பொருந்தாமல் போய்விடும். கருவி பதிக்கும் அளவுகோட்டை, அதாவது இவ்வளவு நீளம் இத்தனை நானோமீட்டர் என்று காட்டும் கோட்டை, வெட்டாமல் படத்திலேயே விட்டுவிடுங்கள். அது படத்தோடு சேர்ந்து பெரிதாகும் என்பதால் எந்த அளவில் அச்சிட்டாலும் சரியாக இருக்கும்.