மோட்ரிச் இவ்வளவு காலம் உச்சத்தில் நின்றது எப்படி?

கேள்வி:
2012-ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாமிலிருந்து ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்கு வந்த குரோஷியக் கால்பந்து வீரர் லூகா மோட்ரிச் முதல் சில மாதங்கள் தடுமாறினார், வீண் செலவு என்றுகூட எழுதினார்கள். அங்கிருந்து 6 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டி) கோப்பைகள் வரை போனது எப்படி?

பதில் 1:
எனக்கு போஸ்னியாதான் காரணமாகத் தெரிகிறது. குரோஷிய கிளப் டினாமோ ஸாக்ரெப் அவரை 18 வயதில் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் கிளப்புக்கு லோனில் (தற்காலிகமாக) அனுப்பியது, அங்கே ஆட்டம் முரட்டுத்தனமானது, அந்த ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு பந்தைக் காப்பாற்றக் கற்றதே அங்கேதான்.

பதில் 2:
சரி, ஆனால் ரியல் மாட்ரிட்டில் உடன் ஆடிய தடுப்பு நடுக்கள வீரர் கசெமிரோவை மறக்காதீர்கள். பின்னால் அவர் காவல் நின்றதால்தான் மோட்ரிச்சும் சக நடுக்கள வீரர் குரோஸும் நிம்மதியாக ஆட்டத்தை நடத்த முடிந்தது. அப்புறம் பாதத்தின் வெளிப்பக்கத்தால் மோட்ரிச் தரும் அந்த பாஸ்! இன்றும் அலுக்கவில்லை.

பதில் 3:
மனத்திடம்தான். 2018 உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் பெனால்டியைத் தவறவிட்டவர், சற்று நேரத்தில் பெனால்டி ஷூட்அவுட்டில் மறுபடி அதே டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் முன்னால் போய் நின்று கோல் அடித்தார். அந்த ஆண்டு சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது அவருக்கு, அந்த விருதில் மெஸ்ஸி-ரொனால்டோ பத்தாண்டு ஆதிக்கம் முடிந்தது. 39 வயதில் இத்தாலியின் ஏசி மிலன் கிளப்புக்குப் போனபோதும் ஓய்வெடுக்கப் போகவில்லை, ஆடத்தான் போனார்.