நாவால் அறிக்கையிட்ட விசுவாசத்துக்கு வாழ்க்கையும் சாட்சி சொல்ல வேண்டுமா?

திராட்சைக்கொடி:

விவாதத்துக்கு நான் முன்வைக்கும் கூற்று இது: கிறிஸ்துவை ஆண்டவர் என்று அறிக்கையிடும் ஒருவருடைய நடத்தையில் ஆண்டுகள் பல கடந்தும் எந்த மாற்றமும் தென்படவில்லையென்றால், அந்த அறிக்கையைத் திருச்சபை விசுவாசம் என்று ஏற்கக் கூடாது.

மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் இரண்டு குமாரரையும் திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யச் சொல்கிறான். ஒருவன் மறுத்துவிட்டுப் பிறகு மனம் மாறிப் போகிறான். மற்றவன் “போகிறேன் ஐயா” என்று மரியாதையுடன் சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறான். இயேசு இதை வேதம் அறியாத கூட்டத்துக்குச் சொல்லவில்லை. தேவாலயத்தில் நின்றுகொண்டு பிரதான ஆசாரியருக்கும் மூப்பருக்கும் சொன்னார். இரண்டாம் குமாரனின் வாக்கில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய கால்கள்தான் தோட்டத்துக்குப் போகவில்லை.

பெரிய பாவங்களைப் பற்றி நான் பேசவில்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலியை இழுத்தடிப்பது, நம்பி ஒப்படைத்த பணத்தை இல்லையென்று மறுப்பது, உடன்பிறந்தவரின் பங்கை அபகரித்துக்கொண்டு ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்து பாடுவது ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறேன். ஏறத்தாழ கி.பி. 112இல் ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநராயிருந்த பிளினி, தான் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றி ரோமப் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் குறித்த நாளில் விடியும் முன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்றும், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, நம்பி வைத்த பொருளைக் கேட்கும்போது மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள் என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அவர்களை வெறுத்த ஓர் அதிகாரியின் விசாரணையிலேயே, பாடலும் கொடுக்கல் வாங்கலில் நேர்மையும் ஒரே ஆராதனையின் பகுதிகளாகத் தெரிந்திருக்கின்றன. நாம் எப்போது அவற்றைப் பிரித்தோம்?

அத்திமரம்:

சகோதரரே, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கூற்றை நான் முழுமையாக எதிர்க்கிறேன், ஏனெனில் அது நம்பிக்கையின் அஸ்திவாரத்தைக் கிறிஸ்துவிடமிருந்து எடுத்து நம் கைகளில் வைத்துவிடுகிறது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” என்று எபேசியருக்கு எழுதிய பவுல், ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டானதல்ல என்று உடனே சேர்த்துச் சொன்னார். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்குத் தன் நடத்தையை மாற்றிக் காட்ட ஒரு மணி நேர அவகாசமாவது இருந்ததா? “என்னை நினைத்தருளும்” என்ற வேண்டுதல் மட்டுமே அவனிடம் இருந்தது. அதுவே போதுமானதாயிற்று.

அடுத்தது, அளப்பவர் யார் என்ற கேள்வி. லூக்கா 18இல், வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஒருவனோடு ஜெபிக்க ஆலயத்துக்கு வரும் பரிசேயனை, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொள்ளும் அந்த மனிதனை, நாம் பொய்யன் என்று நினைத்துக்கொள்கிறோம். அவன் பொய் சொன்னதாக உவமை எங்கும் கூறவில்லை. வாரத்தில் இரண்டு முறை அவன் உண்மையாகவே உபவாசித்தான்; சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் உண்மையாகவே கொடுத்தான். உங்கள் அளவுகோலை அவன்மேல் வைத்தால் முழு மதிப்பெண் பெறுவான். காட்ட ஒன்றுமில்லாமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் தோற்றுப்போவான். ஆனால் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பினவன் ஆயக்காரனே.

பிளினியின் கடிதத்தையும் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஆளுநர் யாருடைய கணக்குப் புத்தகத்தையும் சோதிக்கவில்லை. “நீ கிறிஸ்தவனா?” என்று மூன்று முறை கேட்டார், ஆம் என்று உறுதியாக நின்றவர்களைக் கொல்ல அனுப்பினார், தெய்வச் சிலைகளை வணங்கிக் கிறிஸ்துவைச் சபித்தவர்களை விடுவித்தார். அங்கே உயிரை விலையாகக் கேட்டது நாவின் அறிக்கைதான். அதை “வெறும் வார்த்தை” என்று தள்ளுவது அந்தச் சாட்சிகளுக்கு நாம் செய்யும் அநீதி.

திராட்சைக்கொடி:

அந்தச் சாட்சிகளின் அறிக்கையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். மூன்றாம் முறை கேட்டபோதும் “ஆம்” என்றவர் அந்த ஒரு சொல்லுக்குள் தன் முழு உடலையும் வைத்துவிட்டார்; அது செயலேதான். அப்படி எந்த விலையும் கேட்கப்படாத இடத்தில், அதே சொல்லைச் சொல்லி மரியாதையும் பதவியும் பெறக்கூடிய இடத்தில், அச்சொல் எதைக் காட்டுகிறது என்பதே என் கேள்வி. சிலுவையிலிருந்த குற்றவாளியும் வெறுமனே வேண்டவில்லை; பரியாசம்பண்ணின கூட்டாளியைக் கண்டித்தான்; தன் தண்டனை நியாயமானதென்று ஒப்புக்கொண்டான்; இயேசு குற்றமற்றவர் என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். கைகால்கள் ஆணியடிக்கப்பட்ட ஒரு மனிதன் அதற்குமேல் என்ன செய்ய முடியும்? அவனுக்கு எஞ்சியிருந்தது நாக்கு ஒன்றுதான். அதைக்கொண்டு செய்யக்கூடிய நீதியை அவன் செய்துவிட்டான்.

கடுகுவிதை:

இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு பாரம் ஏற்பட்டது, சொல்லிவிடுகிறேன். என் தாயார் பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். ஒரு காலத்தில் அயலாரின் வீடுகளுக்கெல்லாம் ஓடி ஓடி உதவியவர், இன்று தண்ணீருக்கும் மற்றவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. “கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது” என்ற பிரசங்கத்தை வானொலியில் கேட்ட அன்று, “அப்படியானால் என்னுடையது செத்துப்போயிற்றா?” என்று அவர் என்னிடம் கேட்டார். மனச்சோர்வில் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பவர்களும் இதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வலுவுள்ளவர்களை உசுப்ப நாம் எடுக்கும் வசனம் வலுவில்லாதவர்களின்மேல் விழுகிறது என்பதைச் செயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

திராட்சைக்கொடி:

சகோதரி, நீங்கள் சொன்னது சரியான கண்டனம். உங்கள் தாயாரிடம் மத்தேயு 25ஐ வாசித்துக் காட்டும்படி வேண்டுகிறேன். அந்தப் பகுதியை நாம் எப்போதும் உதவி செய்கிறவரின் பக்கத்திலிருந்தே வாசிக்கிறோம். ஆனால் பசித்தவர், தாகமுள்ளவர், அந்நியர், வஸ்திரமில்லாதவர், வியாதியாயிருந்தவர், காவலிலிருந்தவர் என்று ஆறு பேரைச் சொல்லி, “அது நானே” என்கிறார் ராஜா. உங்கள் தாயார் அங்கே கணக்குக் கேட்கப்படுகிறவர்களின் வரிசையில் மட்டும் நிற்கவில்லை. கிறிஸ்து தம்மையே எவரோடு இணைத்துக்கொண்டாரோ அவர்களின் வரிசையிலும் இருக்கிறார்.

“கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது” என்ற வாக்கியத்தை யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியதும் படுக்கையில் இருப்பவரை நோக்கி அல்ல. ஆகாரமில்லாத சகோதரனைப் பார்த்து “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாமல் போகிறவனை, அதாவது கொடுக்கக்கூடியவனை நோக்கியே எழுதினார். முடியாததைக் கேட்கும் நிருபம் அல்ல அது.

அத்திமரம்:

இந்த விளக்கத்தை மனமார ஏற்கிறேன். ஆனால் யாக்கோபு நிருபத்தைக் கொண்டு பவுலை மௌனமாக்கிவிட முடியாது. 1522இல் தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர், பிற நிருபங்களோடு ஒப்பிடுகையில் யாக்கோபு வைக்கோல் நிருபம் என்று கடுமையாகவே சொன்னார். அதே லூதர் அதே ஆண்டில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் இயங்குவது, நற்கிரியை செய்ய வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருப்பது என்றும் எழுதினார். என் நிலைப்பாடும் அதுவே. உயிருள்ள மரம் கனி கொடுக்கும். கனி கொடு என்று அதட்டினால் மரத்துக்கு உயிர் வராது.

நூற்றாண்டுக் கணக்கான பிளவுக்குப் பிறகு லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையும் இந்த வரிசையைத்தான் காத்தது: நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், பரிசுத்த ஆவியானவர் நம் இருதயங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு ஆயத்தப்படுத்துகிறார். பின்வருவதை முன்வைத்தால் சுவிசேஷம் நிபந்தனையாக மாறிவிடும்.

கிணற்றடி:

கோட்பாட்டின் வரிசையில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் வரிசை சரியாயிருந்த பல சபைகளில் வாழ்க்கை தலைகீழாயிருந்தது என்பதற்கு வரலாறு சாட்சி. ஆகவே ஒரு மனிதரை நினைவூட்ட விரும்புகிறேன். 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜான் உல்மன் என்பவர் வாழ்ந்தார். இளம் எழுத்தராயிருந்தபோது, முதலாளியின் சொற்படி ஓர் அடிமைப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். அது அவர் மனச்சாட்சியை விடாமல் உறுத்தியது. பிறகு அடிமைகளைச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் உயில்களை எழுத மறுத்தார். கேட்டு வந்தவர்கள் அவருடைய சபையாரே, கூலி கொடுப்பவர்களே. ஒவ்வொரு மறுப்பிலும் அவருக்கு வருமான இழப்பு இருந்தது. அதைவிடக் கடினமாக, மூத்தவர்களின் மனக்கசப்பும் இருந்தது.

அடிமைகளை வைத்திருந்த விசுவாசிகளின் வீடுகளுக்கே அவர் பயணம் செய்து அமைதியாகப் பேசினார். அங்கே தங்கியபோது தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுக்க வழிசெய்தார். ஒரு விருந்தாளி வேலைக்காரருக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போனால், அவ்வீட்டுத் தலைவர் அன்றிரவு எதைப் பற்றி யோசித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அதாவது அப்பகுதிக் குவேக்கர் சபைகளின் பொது அவை, அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்களைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கத் தீர்மானித்தது. 1776இல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களைச் சபையிலிருந்தே நீக்க முடிவெடுத்தது. உல்மன் 1772இலேயே அம்மையால் இறந்துவிட்டதால் அதைக் காணவில்லை.

அந்த அடிமை உரிமையாளர்களும் வேதத்தை வாசித்தவர்கள், ஜெபித்தவர்கள், கிறிஸ்துவை அறிக்கையிட்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே உயிர் இருந்தால் கனி தானாக வரும் என்று சபை காத்திருந்த அத்தனை ஆண்டுகளும் ஒருவருடைய முதுகின்மேல்தான் கழிந்தன.

அத்திமரம்:

உல்மனைக் கொண்டுவந்ததற்கு நன்றி, ஏனெனில் அவர் என் பக்கத்துக்கும் சாட்சி. “உங்களுக்கு விசுவாசமே இல்லை” என்று அவர் அந்த வீடுகளில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போகவில்லை. தன் கை எதைச் செய்யாது என்பதை மட்டும் சொன்னார். சபை பிற்பாடு எடுத்த நடவடிக்கையையும் நான் குறைசொல்லவில்லை. செயலைக் கண்டிக்கவும், ஐக்கியத்திலிருந்து விலக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கொரிந்துச் சபையில் பகிரங்கமாய்ப் பாவம் செய்தவனை விலக்கும்படி சொன்ன பவுல், அவனுடைய ஆவி இரட்சிக்கப்படும்படிக்கே அப்படிச் செய்யச் சொன்னார். “இவனிடம் விசுவாசம் இல்லை” என்ற இறுதி வார்த்தையை அவரே சொல்லவில்லை. உங்கள் கூற்றில் அந்த வார்த்தை இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நான் இதற்குமேல் எதிர்க்கமாட்டேன்.

கடுகுவிதை:

எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: வாழ்ந்துகாட்டுதல் என்ற பெயரில் கொடுப்பதையெல்லாம் படமெடுத்துப் பரப்பும் வழக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்றவரின் சீஷர்கள் நாம். பெற்றுக்கொள்கிறவருக்கும் முகம் இருக்கிறது.

திராட்சைக்கொடி:

சகோதரியோடு உடன்படுகிறேன். அத்திமரம் அவர்கள் கேட்ட திருத்தத்தையும் ஏற்கிறேன்: ஒருவருக்கு விசுவாசம் உண்டா இல்லையா என்று தீர்ப்பிடுவது தேவனுக்குரியது. கூற்றை இப்படி மாற்றுகிறேன்: தான் இழைத்த அநியாயத்தைச் சரிசெய்யக்கூடிய நிலையிலிருந்தும் மறுக்கும் ஒருவருடைய அறிக்கையைச் சபை சாட்சியாக முன்னிறுத்தக் கூடாது, அவருடைய காணிக்கையையும் பெற்றுக்கொள்ளக் கூடாது. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசுவே. ஆயக்காரர் தலைவனான சகேயுவின் வீட்டுக்கு அவர் தாமாகவே போனார். அழைப்புதான் முந்தியது என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிச் செலுத்துகிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொன்ன பிறகே, “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்றார்.

அத்திமரம்:

காணிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். நானும் உடன் நிற்கிறேன். பொறுப்புகளிலிருந்தும் விலக்குங்கள். ஆனால் வசனத்தைக் கேட்க வரும் அவருக்குக் கதவை மூடாதீர்கள். வேறு எங்கே போய் அவர் மனந்திரும்புவார்?

திராட்சைக்கொடி:

கதவை நானும் மூடச் சொல்லவில்லை. அவர் நுழையும் அதே கதவு வழியாக, அவரிடம் கூலி நிலுவையில் உள்ளவரும் நுழைகிறார். இருவரும் ஒரே கூரையின்கீழ் அமர்கிறார்கள். “வயல்களை அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது” என்று யாக்கோபு எழுதியது அந்த இரண்டாமவருக்காக. சபை மூப்பர் முதலாமவரிடம் பொறுமையாயிருக்கலாம். ஆனால் எத்தனை நாள் என்பதைக் கூலிக்குக் காத்திருப்பவரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். இதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.