குழுவே இல்லாத கம்பெனியில் புகாரை யாரிடம் கொடுப்பது?

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். செக்கிங்கில் இருக்கும் தங்கை ஒருத்தி, வயது இருபதுதான், சூப்பர்வைசர் ராத்திரியில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளைக் காட்டி அழுதாள். அவள் பதில் போடாததால் இப்போது எல்லார் முன்னாலும் பீஸ் கணக்கைச் சொல்லித் திட்டுகிறான். மேனேஜரிடம் போனோம். "அவன் குணமே அப்படித்தாம்மா, கண்டுக்காதீங்க" என்றார். நல்ல ஆள்!

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை பார்த்தாலே உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். நாங்கள் அறுபது பேர், குழு என்ற பேச்சே கிடையாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் நாள் ஓடுவதுதான் பயம். கடைசிச் செய்தி வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறோம்.

மாவட்ட அளவில் ஒரு உள்ளூர்க் குழு உண்டு. ஆனால் அது பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே வரும் புகாருக்கும்தான் என்று சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தை மீறிக் குழு அமைக்காத கம்பெனி என்றால் வாங்குவார்களா? யாராவது கொடுத்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், விசாரணை முடியும்வரை அவளுக்கு விடுப்போ இடமாற்றமோ கேட்கலாமாம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவளுக்கு அந்த விடுப்பில் கூலி வருமா?

வீட்டில் தெரிந்தால் வேலையை விட்டே நிறுத்திவிடுவார்கள். அதனால் கம்பெனி பெயர் மட்டும் கேட்காதீர்கள். இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.