லொக்கேஷன் ஏற்றினால் திருவையாறு படித்துறை கபிஸ்தலத்தில் போய் நிற்கிறது. உதவி தேவை

குடமுருட்டி | திங்கள், மாலை 6:50

அவசரம். நேற்று காவிரிக் கரையோரமாகப் பைக்கில் போய்ப் படித்துறைகளைப் படம் எடுத்தேன். போனில் போகும் வழியை நேரத்தோடு பதியும் ஜிபிஎஸ் லாகர் ஆப் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தடம் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபைலைக் கொடுத்து, படம் எடுத்த நேரத்தைத் தடத்தின் நேரத்தோடு பொருத்தி எல்லாப் படத்துக்கும் லொக்கேஷன் ஏற்றினேன். மேப்பில் பார்த்தால் ஒரே குளறுபடி. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை கபிஸ்தலத்தில் நிற்கிறது. கபிஸ்தலத்தில் எடுத்தது மேலக்காவேரிக்குப் போய்விட்டது. கும்பகோணம் படங்களுக்கு எதுவுமே ஏறவில்லை. புதன்கிழமை எங்கள் ஊர் வரலாற்றுக் குழுவில் மேப்போடு காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மன்னை மைந்தன் | 6:58

என்ன காமிரா? என்ன சாஃப்ட்வேர்? ஜேபெக்கா, ராவா? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், லாகரை எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள்? இதெல்லாம் இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

டெல்டா தம்பி | 7:03

அண்ணே, இது போன் வேலை. திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே லாகரைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். எனக்கு வடுவூர் ஏரியில் இதே கதைதான். கரையைச் சுற்றி நடந்து வந்தேன், தடம் பார்த்தால் ஏரிக்கு நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கிடந்தது.

பழைய லென்ஸ் | 7:15

இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. ஜிபிஎக்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் கடைசியில் இஸட் என்று ஓர் எழுத்து இருக்கும். அப்படியென்றால் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். அதில் 01:02 என்று இருப்பது நம்மூரில் காலை 6:32. காமிராவுக்கு இந்த ஐந்தரை மணி நேரக் கணக்கு தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கொள்ளிடக்கரை | 7:21

இவ்வளவு பாடு எதற்கு? நிக்கான் காமிரா என்றால் ஸ்னாப்பிரிட்ஜ் ஆப்பைப் போட்டு ப்ளூடூத்தில் போனோடு இணைத்துவிட்டால் எடுக்கும்போதே லொக்கேஷன் ஏறிவிடுமே.

குடமுருட்டி | 7:34

நிக்கான் டி3300. லொக்கேஷன் ஏற்றியது எக்ஸிஃப்டூல் சாஃப்ட்வேரில். விண்டோஸ் லேப்டாப். ஜேபெக்தான். காலை ஆறரைக்குத் திருவையாற்றில் ஆரம்பித்தேன், 12:40-க்குக் கும்பகோணத்தில் லாகரை நிறுத்தினேன். காமிராவில் டைம் சரியாகத்தான் இருக்கிறது, தேதி பார்த்துவிட்டேன். தடமும் முழுசாக இருக்கிறது, எங்கேயும் அறுந்து போகவில்லை.

நாகை நிலா | 7:40

தேதியைக் கேட்கவில்லை தம்பி, மணியைக் கேட்கிறோம்.

மன்னை மைந்தன் | 7:52

கொள்ளிடக்கரை சார், டி3300-ல் ப்ளூடூத் கிடையாது. அந்த வரிசையில் ஸ்னாப்பிரிட்ஜ் வந்ததே அடுத்த மாடலான டி3400-ல், 2016-ல்தான். டி3300-க்கு ஜிபி-1 என்று ஒரு குட்டி ஜிபிஎஸ் கருவி உண்டு, ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நேற்று எடுத்த படத்துக்கு அது இப்போது என்ன செய்யும்?

பழைய லென்ஸ் சார் சொன்ன ஐந்தரை மணிக் கணக்கு பொதுவாகச் சரிதான், இங்கே பொருந்தவில்லை. படத்தில் டைம்ஸோன் குறிப்பு இல்லையென்றால் எக்ஸிஃப்டூல் கம்ப்யூட்டரின் டைம்ஸோனை எடுத்துக்கொள்ளும். லேப்டாப் இந்திய நேரத்தில் இருந்தால் 5:30-ஐ அதுவே கழித்துக்கொள்ளும். இன்னொன்று, தவறு 5:30 என்றால் காலை ஆறே முக்கால் படம் பகல் பன்னிரண்டே கால் மணிக்கு நீங்கள் இருந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அது கும்பகோணம். கபிஸ்தலம் இல்லை.

பழைய லென்ஸ் | 8:01

லேப்டாப்பில் டைம்ஸோன் சரியாக இருக்கிறது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஊகத்தின் மேல் ஊகம். எக்ஸிஃப்டூல் 2003-லிருந்து இருக்கிறது, அதன் கையேட்டை முழுசாகப் படித்தவர்கள் இங்கே கையை உயர்த்தலாம்.

குடமுருட்டி | 8:04

லேப்டாப் இந்திய நேரம்தான். இப்போதுதான் பார்த்தேன்.

கொள்ளிடக்கரை | 8:09

அப்படியானால் தென்னந்தோப்பு. மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும். காவிரிக் கரை முழுக்கத் தோப்புதானே?

டெல்டா தம்பி | 8:11

தோப்பில் பத்து இருபது மீட்டர் தள்ளும் சார். திருவையாற்றைத் தூக்கிக் கபிஸ்தலத்தில் வைக்குமா?

நாகை நிலா | 8:20

குடமுருட்டி, மேப்பில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். லாகரை நிறுத்திய இடத்தில் ஒரே புள்ளியில் படங்கள் குவிந்து கிடக்கின்றனவா?

குடமுருட்டி | 8:26

ஆமாம் அக்கா! எப்படித் தெரியும்? மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்ட ஓட்டல் வாசலில் சுவாமிமலைப் படங்கள் ஒரு கூடை கிடக்கின்றன.

அரியலூரான் | 8:31

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். படித்துறை வரைக்கும் சரி. வழியில் சின்னச் சின்னக் கோயில்களையும் எடுத்திருப்பீர்கள். அதற்கெல்லாம் அச்சு அசலாக லொக்கேஷன் போட்டு வெளியில் விடாதீர்கள். பூசாரிகூட நிரந்தரமாக இல்லாத கோயில்கள் எத்தனையோ. திருடனுக்கு நாமே வழி காட்டுவதாகிவிடும். எங்கள் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் நடந்த சிலைத் திருட்டு மறந்துவிட்டதா?

நாகை நிலா | 8:38

எக்ஸிஃப்டூல் தடம் முடிந்த பிறகும் 1800 நொடிக்கு, அதாவது அரை மணிக்கு, கடைசிப் புள்ளியையே கொடுக்கும். அதையும் தாண்டினால் எச்சரிக்கை காட்டிவிட்டு விட்டுவிடும். 12:40-க்குத் தடம் முடிகிறது. சுவாமிமலைப் படங்கள் 12:40-க்கும் 1:10-க்கும் நடுவில் எடுத்தவை என்று காமிரா சொல்கிறது. கும்பகோணம் படங்கள் 1:10-க்கு மேல் என்கிறது, அதனால்தான் அவற்றுக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்கள் காமிரா கடிகாரம் முன்னால் ஓடுகிறது. எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நேற்று வழியில் எங்கேயாவது கூகுள் பே போட்டீர்களா? அதே இடத்தில் படமும் எடுத்தீர்களா?

உள்ளான் குருவி | 8:44

அரியலூரான், ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்ததே படத்தால்தான். ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் வாங்கிய சிலை அந்தக் கோயிலுடையதுதான் என்று காட்ட, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய படங்கள் உதவின. 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்ற குறிப்பு இல்லாமல் வெறும் படமாக இருந்திருந்தால் எதை வைத்துக் கேட்டிருப்போம்? லொக்கேஷன் வேண்டாம் என்று சொல்வது சொத்துப் பத்திரமே வேண்டாம் என்பது போல.

அரியலூரான் | 8:52

அந்தப் படங்கள் காப்பகத்தில் பூட்டி இருந்தன ஐயா, வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவில்லை. நான் எடுக்காதே என்று சொல்லவில்லை. ஊரறியப் போடாதே என்கிறேன்.

உள்ளான் குருவி | 8:57

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் லொக்கேஷன் முதலான எக்ஸிஃப் விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும். டாகுமென்ட்டாக அனுப்பினால்தான் கூடவே போகும். பயப்பட வேண்டியது அங்கே இல்லை. நான் கோடியக்கரையில் எடுக்கிற பறவைக் கூட்டுப் படங்களில் வெளியே கொடுக்கும் நகலிலிருந்து மட்டும் லொக்கேஷனை எடுத்துவிடுவேன். மூலப் படத்தில் அது அப்படியே இருக்கும்.

அரியலூரான் | 9:02

அதைத்தானே நானும் சொல்கிறேன்! உங்கள் பறவைக் கூட்டுக்கு ஒரு நியாயம், எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு நியாயமா?

பழைய லென்ஸ் | 9:06

இழை எதைப் பற்றியது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

குடமுருட்டி | 9:15

சாப்பிடப் போயிருந்தேன். அக்கா, கபிஸ்தலத்தில் டீ குடித்தேன். பணம் போன மெசேஜ் 9:08. டீ கிளாஸைத் திண்ணையில் வைத்து ஒரு படம் எடுத்தேன், அதில் நேரம் 11:42 என்று இருக்கிறது. ஆனால் நான் 11:42-க்குக் கபிஸ்தலத்தில் இல்லவே இல்லை.

நாகை நிலா | 9:19

2 மணி 34 நிமிடம். ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்.

மன்னை மைந்தன் | 9:23

காமிரா யார் வாங்கிக் கொடுத்தது? சிங்கப்பூர், மலேசியா பக்கமிருந்து யாராவது கொண்டு வந்ததா?

குடமுருட்டி | 9:27

மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். போன மாதம் வந்தபோது பழசு என்று கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் இதற்கும் என்ன?

மன்னை மைந்தன் | 9:31

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மிச்ச நான்கு நிமிடம் கடிகாரம் தானாக ஓடிய ஓட்டம், எல்லாக் காமிராவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். ஒரு படத்தை எடுத்து எக்ஸிஃப்டூலில் எல்லா விவரத்தையும் பாருங்கள். நிக்கான் தன் குறிப்புகளில் டைம்ஸோன் என்று ஒன்று எழுதி வைக்கும். +08:00 என்று இருக்கும், பந்தயம்.

பழைய லென்ஸ் | 9:34

முதல் பதிலிலேயே டைம்ஸோன் என்று சொன்னேன்.

டெல்டா தம்பி | 9:35

நீங்கள் சொன்னது 5:30 சார்.

குடமுருட்டி | 9:48

+08:00 தான் இருக்கிறது! கையேட்டைப் பார்த்து ஜியோசிங்க் என்கிற ஆப்ஷனில் மைனஸ் 2:34 கொடுத்து மறுபடி ஓட்டினேன். ஆனால் திருவையாறு இன்னும் கபிஸ்தலத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

நாகை நிலா | 9:55

ஜியோசிங்கில் இரண்டு எண் மட்டும் கொடுத்தால் அது நிமிடம், நொடி என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கழித்தது இரண்டரை நிமிடம். மணி, நிமிடம், நொடி மூன்றையும் கொடுக்க வேண்டும். காமிரா முன்னால் இருப்பதால் மைனஸ் சரி.

டீக்கடை கணக்கை வைத்து ஓட்டாதீர்கள். டீ குடித்து முடித்துக் காசு கொடுத்திருப்பீர்கள், படம் எப்போது எடுத்தீர்களோ. போனில் நொடி தெரிகிற கடிகாரத்தைத் திறந்து, அதைக் காமிராவில் ஒரு படம் எடுங்கள். போன் காட்டும் நேரத்தையும் அந்தப் படத்தின் எக்ஸிஃப் நேரத்தையும் கழித்தால் நொடிக் கணக்கில் கிடைக்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் வராது. படித்துறைகள் ஆற்றோரமாக வரிசையாக இருப்பவை. பைக் ஓட்டத்தில் ஒரு நிமிடம் தவறினாலே அடுத்த துறைக்குப் போய்விடும்.

உள்ளான் குருவி | 10:05

இதை ஒவ்வொரு முறையும் கிளம்பும்போதே செய்துவிடுவது நல்லது. நான் எப்போதும் முதல் படமாகப் போன் கடிகாரத்தைத்தான் எடுப்பேன்.

குடமுருட்டி | 10:36

எடுத்தேன். போனில் இரவு 10:21:10. படத்தில் 00:54:50, தேதியும் செவ்வாய் ஆகிவிட்டது. 2:33:40 வித்தியாசம்.

நாகை நிலா | 10:38

அப்படியே போடுங்கள். முன்னே மைனஸ் மறக்காமல்.

பழைய லென்ஸ் | 10:50

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஜியோசிங்க் லொக்கேஷனை மட்டும்தான் சரிசெய்யும். படத்தில் எழுதியிருக்கும் நேரம் இன்னும் சிங்கப்பூர் நேரம்தான். காலை ஆறே முக்கால் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்பது மணி இருபது என்று சொல்லிக்கொண்டிருக்கும். வரலாற்றுக் குழுவுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஆல்டேட்ஸ் என்ற கட்டளையில் அதே 2:33:40-ஐக் கழித்துவிடுங்கள். லொக்கேஷன் ஏற்றி முடித்த பிறகு. நேரத்தைத் திருத்திவிட்டு மறுபடி ஜியோசிங்கோடு ஓட்டினால் இரண்டு தடவை கழிந்துவிடும். ஆல்டேட்ஸில் இரண்டு எண் மட்டும் கொடுத்தால் அது மணி, நிமிடம். ஒரே கருவிக்குள் ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

மன்னை மைந்தன் | 10:54

இது நல்ல குறிப்பு சார். நானும் மறந்துவிட்டேன்.

குடமுருட்டி | செவ்வாய், காலை 7:12

வந்துவிட்டது. பகவத் படித்துறை மட்டும் ஆற்றுக்குள் நிற்கிறது, அதைக் கையால் நகர்த்திக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரிஜினல் என்று ஒரு நகல் வந்திருக்கிறதே, டிஸ்க் நிறைந்துவிட்டது. அழிக்கலாமா?

மன்னை மைந்தன் | 7:30

அது நீங்கள் கை வைப்பதற்கு முன் இருந்த படம். மேப்பில் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு அழியுங்கள். இனிமேல் ஓவர்ரைட் ஒரிஜினல் என்ற ஆப்ஷன் கொடுத்தால் நகல் வராது, ஆனால் அதை நம்பிக்கை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடக்கரை | 8:15

என்னிடமும் துபாயிலிருந்து வந்த ஒரு நிக்கான் இருக்கிறது. மெனுவில் டைம்ஸோனை இந்தியாவுக்கு மாற்றினால் போதுமா, கடிகாரத்தையும் தனியாகத் திருப்ப வேண்டுமா?

மன்னை மைந்தன் | 8:40

டைம்ஸோனை மாற்றினால் மணி தானாக நகர்ந்துவிடும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால், அதனால் முன்னே போகும். அதன் பிறகு போனோடு ஒப்பிட்டு மிச்சமிருக்கும் நிமிடங்களை மட்டும் திருத்துங்கள். முதலில் கடிகாரத்தைத் திருத்திவிட்டு அப்புறம் டைம்ஸோனை மாற்றினால் மறுபடி தள்ளிப்போகும்.

அரியலூரான் | 9:05

குடமுருட்டி, கோயில் படங்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே?